நாலு செல்லுக்கு அப்பால்

தனலட்சுமிக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகியும் பிள்ளையில்லை. புருஷன் கந்தசாமி சேலம்–ஏற்காடு பஸ் டிரைவர்; வீடு ஏற்காடு மலைமேல். 1993-ல் இருவரும் சென்னைக்குப் போய், உடம்புக்கு வெளியே கரு உண்டாக்கும் வைத்தியத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். மூன்று முட்டைகள் கருவாயின. மூன்றுமே நாலு செல்லானதோடு நின்றுவிட்டன.

சேதி சொன்ன டாக்டரம்மா அவசரப்படாமல் விளக்கினார். முதல் இரண்டு நாள் வேலையெல்லாம் தாய் முட்டைக்குள் சேர்த்து வைத்ததைக் கொண்டே நடக்கிறதாம். நாலு செல் எட்டாகும் சமயத்தில் கருவின் சொந்த ஜீன்கள் கண்விழித்து வேலையை ஏற்க வேண்டுமாம். இவை விழிக்கவில்லை. ஏனென்று இன்னும் முழுசாகத் தெரியாது என்றார்.

"நான் சேத்து வெச்சது பத்தலைங்களா?" தனலட்சுமி கேட்டாள்.

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. அதுவரைக்கும் கொண்டுவந்து விட்டதே உங்க முட்டைதான்."

மலையேறும் வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். ஊர் வந்ததும் கந்தசாமியின் அக்கா அத்தாயி, குறை யாரிடம் என்று விசாரித்தாள். அக்காவை எதிர்த்து அதுவரை ஒரு வார்த்தை பேசாதவன் அன்று பேசினான்.

"அவ பங்கை அவ செஞ்சுட்டாக்கா. மீதி, கரு தானா முழிக்கறதுல இருக்குது. இனி இந்த ஊட்டுல அந்தப் பேச்சு வேண்டாம்."

அடுப்படியில் நின்ற தனலட்சுமி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவள் அன்று அவனோடு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள். கை கழுவும்போது, இன்னொரு தரம் போய்ப் பார்ப்போமா என்று அவளே கேட்டாள்.

அடுத்த வருஷம் போனார்கள். முட்டை கருவான மூன்றாம் நாள் காலை டாக்டரம்மா அவளை மைக்ராஸ்கோப் முன் உட்கார வைத்தார். முதலில் தன் இமை மயிர்தான் தெரிந்தது. பிறகு, கொடியில் நெருங்கிக் காய்த்த மிளகு மாதிரி எட்டு உருண்டைகள்.

"முழிச்சிருச்சுங்களா?"

"முழிச்சிருக்கு. இல்லைன்னா இதுவரைக்கும் வந்திருக்காது."

கந்தசாமி குனிந்து கண்ணை வைத்தவன் நிமிரவேயில்லை. "நல்லா இரு சாமி" என்று கண்ணாடிக்குள் மெல்லச் சொன்னான். நர்ஸ் தோளைத் தொட்டு நகர்த்த வேண்டியிருந்தது.

சேலத்தில் பெண் பிறந்தது. குழந்தையை மலைக்குக் கூட்டிவந்த பஸ்ஸை அவனே ஓட்டினான். முன் சீட்டில் அத்தாயி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு மெதுவாகப் போகச் சொன்னாள். பஸ் ஊர்ந்தது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. உள்ளே இருந்த யாரும் வேகமாகப் போகச் சொல்லவில்லை.