செத்த எலும்பும் வயிற்றெரிச்சலும்

நெர்மினின் வலது மணிக்கட்டில் ஒரு சின்ன எலும்பு ரத்தம் போகாமல் செத்துக்கொண்டிருந்தது. துருக்கியில் பூர்சா நகர வாலிபால் அணியில், அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள் அவள். "ஆபரேஷனுக்கு முன்னாடி ஆக்சிஜன் கொடுத்துப் பாப்போம்" என்று டாக்டர் அழுத்த அறைக்கு அனுப்பினார். இரும்புக் கதவை அடைத்துக் காற்றை ஏற்றியதும் காது அடைக்கும். பிறகு நோயாளிகள் எல்லோரும் ஆக்சிஜன் மாஸ்க் மாட்டிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள்.

எதிரில் குலிஸார். ஓட்டலில் துணி தேய்ப்பவள். அவளுக்கும் அதே எலும்பு, அதே நோய். உட்கார்ந்ததும் தூங்கிவிடுவாள்.

ஒருநாள் ஸ்கேன் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "ரத்தம் ஓட ஆரம்பிச்சிருச்சாம்டி! உனக்கு?"

"அப்படியேதான் இருக்காம்" என்றாள் நெர்மின். வயிறு எரிந்தது. இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்க இவளுக்கு எதற்கு அந்த எலும்பு என்று நினைத்தாள்.

மறுநாள் தூக்கத்தில் குலிஸாரின் மாஸ்க் நழுவிக் கழுத்தில் தொங்கியது. அன்றைய ஆக்சிஜன் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. காது வலித்த ஒருவரை நர்ஸ் கவனித்துக்கொண்டிருந்தாள். காலை நீட்டி ஒரு தட்டுத் தட்டினால் போதும். நெர்மின் தட்டவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது குலிஸார் கேட்டாள்: "நான் கண்ணு முழிச்சப்ப என்னையேதான் பாத்துட்டிருந்த, இல்ல?"

நெர்மினுக்கு முகம் வெளுத்தது. "ஆமாக்கா. வேணும்னேதான் எழுப்பல."

குலிஸார் செருப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அடிப்பாவி! உன் இடத்துல நான் இருந்தா குழாயையே பிடுங்கியிருப்பேன். தினமும் வாசல்ல காரோட நிக்கிறானே உன் புருஷன், அதைப் பாத்து எனக்கு எத்தனை நாள் எரிஞ்சிருக்கு தெரியுமா? என் ஆளு போன் கூடப் பண்றதில்ல."

நெர்மினின் எலும்பு தேறவில்லை. இலையுதிர் காலத்தில் அதை வெட்டி எடுத்தார்கள். அணியில் அவள் இடத்தில் ஒரு புதியவள் ஆடினாள். முதல் ஆட்டத்துக்கு நெர்மின் தனியாகப் போகவில்லை. கட்டுப்போட்ட கையோடு குலிஸாரின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்படி ஆடுறா?"

"நல்லாத்தான் ஆடுறா. அதான் தாங்கல."

"அப்ப வாய்விட்டுத் திட்டு. இந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கப்போகுது?"

நெர்மின் திட்டினாள். பந்து மேலே எழும்போதெல்லாம் திட்டினாள்.