ஆம்ப்புக்கு வைத்த பரீட்சை

இடுப்புக்குக் கீழே வலது பக்கம் எனக்கு ஒரு நரம்பு கெட்டுப்போயிருக்கிறது. காலையில் பாயை விட்டு எழுந்து நிமிர்வதற்குள் குதிகால் வரைக்கும் சுண்டி இழுக்கும். பங்காருபாளையம் மண்டியில் நாலு வருஷம் மாங்காய்க் கூடை தூக்கியதில் வந்தது பாதி, பதினான்கு வருஷம் ஆம்ப் தூக்கியதில் வந்தது மீதி. அன்றைக்குத் திருச்சானூர் கல்யாண மண்டபத்தில் பதினேழு படி. முப்பத்தாறு கிலோ பெட்டியைத் தோளில் ஏற்றி மேடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் இறக்கியபோது கண்ணில் பூச்சி பறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உக்காரு மாப்ள, தண்ணி குடி" என்றான் கமலக்கண்ணன்.

கமலக்கண்ணன் என் பெண்டாட்டி அகிலாவின் அண்ணன். பகலில் நகரியில் பவர்லூம் தறி ஓட்டுகிறவன். திருவிழா, கல்யாணம் என்றால் ராத்திரி திருப்பதி நாகபூஷணத்தின் ஆர்கெஸ்ட்ராவில் கிடார் வாசிப்பான். ஆம்ப் அவனுடையது. கிடார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பெட்டி. உள்ளே கண்ணாடி வால்வுகள் வைத்த பழைய ரகம். அரக்கோணம் ரயில்வே காலனியிலிருந்து ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது, விற்க முடியாமல் கிடந்த அதை மூன்று மாதத் தறிக்கூலி கொடுத்து வாங்கி வந்தான். அதைத் தூக்குவதற்காகத்தான் என்னை ஆர்கெஸ்ட்ரா வேனில் ஏற்றினார்கள்.

அன்று புரோக்ராம் எதுவும் இல்லை. மத்தியானம் மண்டபம் காலியாக இருந்த நேரத்தில் நாகபூஷணம் எங்களை வரச் சொல்லியிருந்தார். அவருடைய அக்கா மகன் சிரஞ்சீவி பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவன். அமெரிக்காவில் இருக்கும் சிநேகிதன் மூலமாக மாடலர் என்று ஒரு டிஜிட்டல் பெட்டியை வரவழைத்திருந்தான். செங்கல்லை விடக் கொஞ்சம் பெரிசு. எந்த ஆம்ப்பை அதற்குக் காட்டினாலும் அதன் சத்தத்தைக் கற்றுக்கொள்ளும் என்றான். இரண்டு வாரம் முன்னால் சித்தூர் கங்கம்மா கோயில் ஜாத்திரையில் எங்கள் ஆம்ப்புக்கு முன்னால் மைக்கை வைத்துப் பத்து நிமிஷம் ஏதேதோ சத்தம் அனுப்பிக் கற்றுக்கொள்ள வைத்துக் கொண்டுபோனான்.

நாகபூஷணம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏமய்யா கமலக்கண்ணா, விஷயத்தை நேரா சொல்லிடறேன். உன் பொட்டி வேன்ல ரெண்டு பேர் எடத்தை அடைக்குது. அது பரவால்ல. உன் காது மேல எனக்கு சந்தேகமா கீது. காணிப்பாக்கத்துல பொம்பளைங்க காதைப் பொத்திக்கினு எழுந்து போச்சுங்க. கிடார் சத்தம் ஊசி மாதிரி குத்துதுன்னு கமிட்டிக்காரன் என்னைத் திட்டினான்."

"அன்னைக்கு ஸ்பீக்கர் சரியில்லண்ணா" என்றான் கமலக்கண்ணன்.

"சரே. இப்ப நீ வாசி. சிரஞ்சீவி ஒரு தடவை உன் ஆம்ப்புல விடுவான், ஒரு தடவை அவன் பொட்டில விடுவான். ரெண்டும் இந்த ஹால் ஸ்பீக்கர்லதான் வரும். எது உன் ஆம்ப்புன்னு நீ சொல்லணும். மூணு சுத்து. ரெண்டு சுத்து சரியா சொன்னா நீயும் இரு, உன் பொட்டியும் இருக்கட்டும். சொல்லலைன்னா சிரஞ்சீவி வாசிப்பான். பதினாலு வருஷமா உன் பொட்டிதான, இது கூடவா தெரியாது?"

கமலக்கண்ணன் தலையாட்டினான். என்னைப் பார்க்கவில்லை.

அவன் காது போய்விட்டது எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் எட்டுத் தறிக்கு நடுவில் நின்றவன். மெல்லிய சத்தம், கூர்மையான சத்தம் எதுவும் அவனுக்கு எட்டாது. ராத்திரி படுத்தால்கூடக் காதுக்குள் தறி ஓடுகிறது என்பான். ஆம்ப்பில் கூர்மையான சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிள் திருகை ஒன்பதில் வைத்துவிட்டு, இப்பத்தான் சரியா கேக்குது என்று மேடைக்குப் போவான். நான் வயரைச் சரிசெய்கிற மாதிரி பின்னால் போய் ஐந்துக்குக் குறைத்துவிடுவேன். நான் குறைப்பது அவனுக்குத் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. காணிப்பாக்கத்தில் எனக்கு ஜுரம். நான் போகவில்லை.

வரும் வழியில் ஷேர் ஆட்டோவில் அவனிடம் சொல்லியிருந்தேன். "மச்சான், நீ என் கையைப் பாரு. தறியில காட்டுற மாதிரி காட்டறேன்."

மண்டிக்குப் போவதற்கு முன்னால் நானும் அதே தறிக்கூடத்தில்தான் தறிக்கு நூல் தார் சுற்றினேன். அங்கே வாய் பேசிப் பிரயோஜனமில்லை. நூல் அறுந்தது, தார் தீர்ந்தது, மேஸ்திரி வருகிறான், டீ வந்தது, எல்லாம் விரல்தான். இருபது அடி தள்ளி நிற்பவன் தொடையில் வைத்த விரலைப் பார்த்தே சேதி தெரிந்துகொள்வோம்.

கமலக்கண்ணன் கிடார் உறையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆம்ப்பைச் சொருகப் போனபோது மண்டபத்து எலக்ட்ரீஷியன் கங்கையா என் கையைத் தட்டிவிட்டார்.

"இன்னாய்யா பிளக்கு இது? எர்த் பின் எங்க?"

"ஒடச்சிட்டேண்ணா. ஜெனரேட்டர் போர்டுல ரெண்டு ஓட்டைதான் கீது. மூணு பின் உள்ள போவாது."

"எப்ப ஒடச்ச?"

"வாங்கின வருஷமே."

"இத்தினி வருஷம் உயிரோட கீறியே, அதே பெரிசு. உங்க ஊர்ல இன்னா வேணா பண்ணு. என் போர்டுல இது ஏறாது."

முணுமுணுத்துக்கொண்டே பிளக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய மூன்று பின் பிளக் ஒன்றை மாட்டிச் சொருகினார். இலவசமாக ஒரு பிளக் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நினைத்தேன். சிரஞ்சீவி அறைக் கதவைச் சாத்திவிட்டு ஆம்ப்பிலிருந்து வந்த மைக் வயரையும் கிடார் வயரையும் ஒரு ஸ்விட்ச் பெட்டிக்குக் கொண்டுவந்தான்.

கமலக்கண்ணன் மேடையில் முக்காலி மேல் உட்கார்ந்தான். சிரஞ்சீவி அவன் முதுகுக்குப் பின்னால், ஸ்விட்ச் பெட்டியோடு. நாகபூஷணம் கீழே. நான் மேடை ஓரத்தில் வயர் கட்டைப் பிடித்துக்கொண்டு கமலக்கண்ணனுக்கு மட்டும் தெரிகிற இடத்தில் நின்றேன்.

"ஒண்ணு" என்றான் சிரஞ்சீவி.

கமலக்கண்ணன் வாசித்தான். எங்கள் ஆம்ப் சத்தம். அவன் தந்தியைக் கையால் அமுக்கி நிறுத்தியதும் கிர்ர்ர் என்று அந்த இரைச்சல் ஸ்பீக்கரில் கேட்டது. ஜாத்திரை ஜாத்திரையாய், ஜெனரேட்டர் பக்கத்தில் படுத்துக்கொண்டு நான் கேட்ட இரைச்சல். டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி.

"ரெண்டு."

திரும்ப அதையே வாசித்தான். அச்சு அசலாக அதே சத்தம். யாரைக் கேட்டாலும் வித்தியாசம் இல்லை என்றுதான் சொல்வார்கள். ஆனால் தந்தியை அமுக்கி நிறுத்தியபோது இரைச்சல் இல்லை. துடைத்துவிட்ட மாதிரி அமைதி. கம்ப்யூட்டர் பெட்டி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். எனக்குச் சந்தேகமே வரவில்லை.

கமலக்கண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பிறகு என் பக்கம் பார்த்தான். நான் தொடையில் ஒரு விரலை வைத்தேன். ஒரு கணம் அப்படியே என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுதான் நம்ம ஆம்ப்பு" என்றான்.

சிரஞ்சீவி எதையோ காகிதத்தில் குறித்தான். அடுத்த சுற்றில் இரைச்சல் இரண்டாவதில் வந்தது. இரண்டு விரல் காட்டினேன். அவன் இரண்டு என்றான். மூன்றாவது சுற்றிலும் இரண்டாவதில். இரண்டு என்றான். அந்தக் கடைசித் தடவை அவன் யோசிக்கக்கூட இல்லை. தறியில் நிற்கும்போது எப்படி விரலைப் பார்த்துக் கை தானாகப் போகுமோ அப்படிச் சொன்னான்.

சிரஞ்சீவி காகிதத்தைக் கீழே கொண்டுபோய் மாமாவிடம் கொடுத்தான். நாகபூஷணம் அதை வாங்கிப் பார்த்தார்.

"மூணும் தப்பு" என்றார். "கண்ணை மூடிக்கினு காசு சுண்டிப் போட்டு சொல்லியிருந்தாக்கூட ஒண்ணாவது சரியா வந்திருக்குமே, கமலக்கண்ணா."

"மாமா" என்றான் சிரஞ்சீவி, "மூணும் தப்புன்னா வித்தியாசம் கேக்குதுன்னுதான் அர்த்தம். கேக்காதவனுக்கு அப்பப்ப சரியா வந்துடும்."

"வித்தியாசம் கேட்டு எல்லாத்தையும் தப்பா சொல்றவனுக்கு நான் வேன்ல சீட்டு குடுக்கணுமா? நீ சும்மா இருடா."

சிரஞ்சீவி என் பக்கம் பார்த்தான். நான் வயரைச் சுற்ற ஆரம்பித்தேன்.

கமலக்கண்ணன் கிடாரை உறைக்குள் போட்டான். கும்பிட்டான். "வரேண்ணா" என்றான். நாகபூஷணம் எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார். அவர் கெட்டவர் இல்லை. பதினான்கு வருஷத்தில் ஒரு நாள் சோறு போடாமல் அனுப்பியதில்லை.

"முனிகிருஷ்ணா, நீ இரு" என்றார் என்னிடம். "ஸ்பீக்கர் தூக்க ஆள் வேணும். ஞாயித்துக்கிழமை காளஹஸ்தி. மறந்துடாத."

சரி சார் என்றேன். வாய் தானாகச் சொன்னது.

ஆம்ப்பை எடுக்க அறைக்குள் போனேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வால்வுகள் சூடாக இருந்தன. பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் சத்தமே இல்லை. குனிந்து துணி மூடிய ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தேன். வண்டு இல்லை. பதினான்கு வருஷத்தில் அந்தப் பெட்டி சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. கங்கையா மாட்டிய புதிய பிளக் சுவரில் இருந்தது.

மைக்கைக் கழற்ற வந்த சிரஞ்சீவி சொன்னான். "எர்த் குடுத்ததும் எவ்ளோ சுத்தமா கீது பாருங்கண்ணா. ஜாத்திரையில இது போட்ட இரைச்சல் இருக்கே, அதையும் என் பொட்டில வெச்சேன். அதுக்குன்னே ஒரு திருகு கீது. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும்னு வெச்சேன். இங்க வந்தா என் பொட்டில மட்டும்தான் கேக்குது. வேஸ்ட் ஆயிடுச்சி."

"ஆமா" என்றேன். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் நகரி பஸ்சுக்குக் காத்திருந்தோம். ஆம்ப்பை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். கடையில் இரண்டு பன் வாங்கி வந்தேன். அவன் ஒன்றைப் பிட்டுத் தின்றான். நான் அவனிடம் பிளக் விஷயத்தைச் சொன்னேன். முழுசாகச் சொன்னேன். அவனிடம் மறைக்க எனக்குத் தெரியாது.

அவன் மென்றுகொண்டே கேட்டான். பிறகு சொன்னான்.

"எனக்கு மொத சுத்துலயே தெரிஞ்சுது மாப்ள."

"கேட்டுதா?"

"காதுல இன்னா கேக்குது. வெரல்ல தெரிஞ்சுது. நம்ம பொட்டி, அழுத்தி அடிச்சா கொஞ்சம் பணிஞ்சு போயி அப்புறம் எழும்பி வரும். அந்தப் பையன் பொட்டியும் பணியுது, ஆனா எப்பவும் ஒரே அளவு பணியுது. ரெண்டுதான் நம்மதுன்னு சொல்ல வாயைத் தொறந்தேன்."

"அப்புறம் ஏன் மச்சான் ஒண்ணுன்னு சொன்ன?"

"நீ ஒண்ணு காட்டினியே."

அவன் மீதிப் பன்னை வாயில் போட்டுக்கொண்டான். கோபம்கூட இல்லை. பஸ் வந்தது. கண்டக்டர் பெட்டிக்கு இரண்டு டிக்கெட் கேட்டான். ஒன்றரை டிக்கெட்டுக்குப் பேசி முடித்தேன்.

இப்போது கமலக்கண்ணன் பகல் ஷிப்டும் ராத்திரி ஷிப்டும் தறியில் நிற்கிறான். எலி எட்டாமல் இருக்க ஆம்ப் மேல் அவன் பெண்டாட்டி ருக்மணி அக்கா அரிசி டின்னை வைத்திருக்கிறாள். கிடாரை அவன் தொடுவதில்லை. வீட்டில் அகிலா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "எங்க அண்ணனை ஏன் எடுத்தாங்க? நீ கூடத்தான இருந்த?" காது சரியில்லன்னு எடுத்துட்டாங்க என்றேன். அவள் சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஆறு மாதத்தில் சிரஞ்சீவிக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. பெட்டியை மாமாவிடம் விட்டுவிட்டுப் போய்விட்டான். வாசிக்க ஆள் இல்லை. அதற்குப் பிறகு ஒரு தடவை காளஹஸ்தியிலிருந்து திரும்பும்போது நாகபூஷணம் என்னை முன் சீட்டுக்குக் கூப்பிட்டார்.

"கமலக்கண்ணனைத் திரும்பக் கூப்பிடலாமான்னு பாக்கறேன். மூணு தப்புதான் மனசுல குத்துது. நெஜமா அவனுக்குக் காது அவ்ளோ மோசமா?"

அப்போது சொல்லியிருக்கலாம். அவன் தப்பாகச் சொல்லவில்லை, நான்தான் விரல் காட்டினேன், நான்தான் தப்பு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பரீட்சையில் ஏமாற்றியவன் நான் என்றாகும். வேனிலிருந்து இறக்கிவிடுவார். இந்த இடுப்பை வைத்துக்கொண்டு மண்டியில் இனி யாரும் என்னைச் சேர்க்க மாட்டார்கள்.

"காது கொஞ்சம் மந்தம்தான் சார்" என்றேன்.

அது பொய் இல்லை. அவர் உச்சுக்கொட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த வாரம் திருப்பதியிலேயே மியூசிக் காலேஜில் படிக்கும் ஒருவனைப் பிடித்துவிட்டார்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. விரல் காட்டியது நான்தான் என்று நாகபூஷணத்திடம் சொல்லவேண்டிய அந்த ஒரு வார்த்தை, கமலக்கண்ணனுக்கு நான் பட்ட கடன். இன்னும் கொடுக்கவில்லை.