குச்சியும் ராக்கெட்டும்

பள்ளி நாளிலிருந்தே எல்லோரும் அவளைக் குச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆளும் ஒல்லி, கையில் எப்போதும் ஒரு ஈட்டி. பத்தொன்பது வயதில் அவள் எறிந்த ஈட்டி, மைதானத்தின் கோடியில் புல் வெட்டிக்கொண்டிருந்தவரின் வண்டிக்கு முன்னால் போய்க் குத்தி நின்றது. ஒரு பயிற்சியாளன் பதறி ஓடிவந்தான். புல் வெட்டுபவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. "இதை எறிஞ்சது யாரு?" என்றுதான் கேட்டான்.

இரண்டு வருடத்தில் அவள் தேசியச் சாம்பியன் ஆனாள். அதற்கடுத்த வருடம் அவனுக்கு மனைவியும் ஆனாள். அறுபத்திரண்டு மீட்டர் எறிந்து தேசியச் சாதனை படைத்தாள். பத்திரிகைகள் இருவரையும் சேர்த்தே படம் போட்டன.

பிறகு முழங்கையின் உட்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. எறிந்து முடித்ததும் சுண்டுவிரல் மரத்துப்போகும். ஒவ்வொரு போட்டிக்கு முன்னாலும் உடை மாற்றும் அறையில், வலி தெரியாமலிருக்க அவனே ஊசி போட்டான்.

"டாக்டர்கிட்ட போனா ஓய்வெடுன்னுதான் சொல்லுவாங்க. சீசனே போயிடும். என்னை நம்பு."

நம்பினாள். இருபத்தொன்பதாவது வயதில் தசைநார் அறுந்தது.

அறுவை சிகிச்சை முடிந்து கையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, ஈட்டிகள் சாய்த்து வைத்திருந்த மூலை காலியாக இருந்தது. அலமாரியில் அவன் துணிகளும் இல்லை. வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருந்த மாமியார் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"போயிட்டான்மா. அந்த ராக்கெட்டு பொண்ணுகூட."

ராக்கெட் என்பது பத்திரிகைகள் வைத்த பெயர். இருபது வயது. அவனுடைய புது மாணவி.

குச்சி பெட்டியைத் தேடினாள். மாமியார் அதைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"நீ எதுக்குடி போகணும்? வீடு என் பேர்ல இருக்கு. பெத்த பாவத்துக்கு அவனைத் தலைமுழுக வேண்டியவ நான். ராக்கெட்டாம்! திரியைப் பத்த வைக்கிறவன் என் புள்ள. விளங்கினாப்பலதான்."

அந்த வாரமே அவன் தொலைக்காட்சியில் பேசினான். "அவங்க நல்ல வீராங்கனையா இருந்தாங்க. உடம்பைத்தான் சரியாப் பாத்துக்கலை." குச்சி அதைக் கடைசிவரை பார்த்தாள். மறுபடி எறிந்து அவனைக் கவிழ்ப்பதென்று அன்று முடிவு செய்தாள்.

பழைய பயிற்சி வளாகத்தில் அவன் இருந்ததால், நாய்களை நடக்கவிடும் ஒரு பொது மைதானத்துக்குப் போனாள். முதலில் பந்து, பிறகு இரவல் ஈட்டி. ஒவ்வொரு முறை ஓடிவரும்போதும், ஈட்டி விழப்போகும் புல்லில் அவன் நெஞ்சு தெரிந்தது. குறி வைத்துத்தான் எறிந்தாள். மாமியார் கூடவே வந்து கைபேசியில் படம் பிடிப்பாள். பாதிப் படங்களில் வானம், மீதியில் அவள் கட்டைவிரல்.

"நீ நிக்கிறது ஒரு பக்கம், அது போறது ஒரு பக்கம். நான் எதைன்னுடி பிடிக்கிறது?"

இரண்டு வருடம் கழித்துத் தேசியப் போட்டியின் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றாள். ராக்கெட்டும் இருந்தாள்.

போட்டிக்கு முந்தைய பயிற்சி எறிதலில் குச்சி அதைக் கவனித்தாள். ஒரு எறி முடிந்ததும் ராக்கெட் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துச் சுண்டுவிரலை உதறினாள். குச்சி தன் சுண்டுவிரலைத் தடவிக்கொண்டாள். ராக்கெட் நிமிர்ந்தாள். இருவர் கண்களும் சந்தித்தன. ராக்கெட் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போட்டியின் மருத்துவர் கூப்பிடு தூரத்தில் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். குச்சி அவரிடம் போகவில்லை. இவள் கை போனால் அவன் பிழைப்பும் போகும் என்றுதான் நினைத்தாள். வழக்கமாக முதல் எறியில் அளவாக எறிந்துவிட்டுப் பிறகு கூட்டுவாள். அன்று, ராக்கெட்டும் முழு பலத்தைப் போட்டே ஆகவேண்டும் என்று, இருந்த பலத்தையெல்லாம் முதல் எறியிலேயே கொட்டினாள். ஈட்டி அவளுடைய பழைய சாதனையைத் தாண்டிப்போய் விழுந்தது.

ராக்கெட் வேலிப் பக்கம் பார்த்தாள். அங்கே நின்றிருந்த அவன் முஷ்டியை மடக்கி, "முழுசா! முழுசா போடு!" என்று கத்தினான். ஒவ்வொரு எறிக்கும் அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஐந்தாவது எறியில் துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். ஈட்டி பக்கவாட்டில் சரிந்தது. ராக்கெட் முழங்கையைப் பிடித்தபடி மண்டியிட்டு அலறினாள்.

குச்சிக்கு ஒரு கணம் அந்த அலறல் இனித்தது. அந்த இனிப்போடுதான் வேலிப் பக்கம் திரும்பினாள், அவன் முகத்தைப் பார்க்க. அவன் கைபேசியைக் காதில் வைத்து யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். வேலியைத் தாண்டி உள்ளே வரவே இல்லை.

மறுநாள் பதக்கத்தை வீட்டில் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அறையில் ராக்கெட் தனியாக இருந்தாள்.

"அவன் எங்க?"

"மீட்டிங்காம். நேத்துலேர்ந்து." ராக்கெட் அவளை நேராகப் பார்த்தாள். "நீங்க பாத்தீங்க. நான் விரலை உதறினதைப் பாத்தீங்க."

"பாத்தேன்."

"தெரிஞ்சும் என்னை விரட்டுனீங்க."

"ஆமா."

"என்மேல அவ்வளவு கோவமா?"

"உன்மேலயும்தான். ஆனா நேத்து அவன் நின்ன நிலையைப் பாத்ததும் புரிஞ்சுது, அடி தப்பான ஆள்மேல விழுந்துடுச்சுன்னு." குச்சி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஊசி போட்டப்ப என்ன சொன்னான்?"

ராக்கெட் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். பிறகு, "என்னை நம்புன்னார்" என்றாள்.

இருவரும் புகார் கொடுத்தார்கள். விளையாட்டுச் சங்கத்தின் கூட்ட அறையில் விசாரணை. ஏசியிலிருந்து ஒழுகிய தண்ணீருக்கு ஒரு வாளி வைத்திருந்தார்கள். அவன் கோட்டு போட்டு வந்திருந்தான்.

"ரெண்டு பேரும் ஆத்திரத்துல பேசறாங்க சார். ஊசியை நான் கையால தொட்டதுகூட இல்ல."

சாட்சி சொல்ல வந்திருந்த மாமியார் எழுந்தாள். "என் ஃப்ரிஜ்ஜுல தக்காளிக்குப் பக்கத்துல மருந்து வெச்சது இவன்தாங்க. என்னடான்னு கேட்டேன், விட்டமின்னான். பொய் சொல்றப்ப இவன் காதைத் தடவுவான். இப்பவும் தடவறான் பாருங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் காதிலிருந்து கையை எடுத்தான். சங்கத்தின் மருத்துவர் இரண்டு முழங்கைகளின் ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கினார். சாயங்காலத்துக்குள் தீர்ப்பு வந்தது. இனி எந்த மைதானத்திலும் அவன் யாருக்கும் பயிற்சி தரக்கூடாது. ஆயுள் தடை.

வாசலில் அவன் அம்மாவை மறித்தான். "குடும்பத்தை நடுத்தெருவுல நிறுத்திட்டியேம்மா."

"குடும்பம் கார்ல ஏறிப் போகுது. நீ நடந்து வா."

இரண்டு வருடமாகக் குச்சி அவனிடம் சொல்ல எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள். அதெல்லாம் இப்போது வேண்டியிருக்கவில்லை. அவன் கண்ணைத் தாழ்த்தும்வரை எதிரே நின்றாள். தாழ்த்தியதும் நகர்ந்தாள்.

போகும் வழியில் ஒரு டீக்கடையில் மூவரும் உட்கார்ந்தார்கள்.

"அவர் கணக்கு தீந்துது" என்றாள் ராக்கெட். "உங்களுது தீரல."

"தெரியும்."

"கை சரியாகட்டும். உங்க சாதனையை உடைச்சுட்டு, அப்ப உங்க மூஞ்சியைப் பாக்கணும்."

"வா. அதுவரைக்கும் நானும் விடப்போறதில்ல."

"டீ ஆறுது, குடிச்சுத் தொலைங்கடி" என்றாள் மாமியார்.

ராக்கெட் இடது கையால் கோப்பையைத் தூக்கினாள். கண்ணை மட்டும் குச்சியிடமிருந்து எடுக்கவில்லை.