சதுப்பைத் தாண்டும் தோட்டா

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு ஜன்னல் வழியாகக் கிடைத்தது. ஸ்வீடனின் வடக்கே, நார்வே எல்லைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரில் யாரும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. போட்டால் உள்ளே எதை மறைக்கிறார்கள் என்று பேச்சு வரும். அந்தப் பேச்சை ஆரம்பிப்பது பெரும்பாலும் நானாகத்தான் இருக்கும்.

போன குளிர்காலம் முழுக்க எதிர்வீட்டு ஸ்டெல்லனின் சமையலறை எனக்குச் சினிமாக் கொட்டகை. பள்ளிப் பேருந்தை ஓட்டி முடித்து வருவான், கோட்டைக்கூடக் கழற்றாமல் கணினி முன்னால் உட்காருவான். திரையில் ஒரு கோடு. இடது பக்கம் உயரத்தில் தொடங்கி வலது பக்கம் சரிந்து சரிந்து கீழே போகும். யாருக்கோ உடம்பு மோசமாகிக்கொண்டு வருகிறது என்று நினைத்து, அவன் மனைவி அன்னெலியிடம் ஒரு வாரம் ரொம்ப இதமாகப் பேசினேன்.

"அது தோட்டா தூரம் போகப்போகக் கீழ எறங்கற கோடு, மார்கிட்," என்றாள் அவள். "உடம்புக்கு ஒண்ணுமில்ல. மூளைக்குத்தான்."

கதையை மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

"சதுப்பு நிலத்தின் மேல் மூடுபனி கவிந்திருந்த ஒரு செப்டம்பர் காலையில்" (அடித்துவிட்டேன். வேட்டைக் கதை என்றாலே பனி. அன்று வெயில் பளீரென்று அடித்தது. பனி இருந்திருந்தால் அவனுக்கு எதுவும் தெரிந்திருக்காது, எனக்கும் கதை இருந்திருக்காது.)

"ஸ்டெல்லன் ஒரு கோழை" (அடித்துவிட்டேன். என் கணவர் எவர்ட் பின்னால் நின்று படித்துவிட்டு, "இத அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லு பாப்போம்" என்றார். முடியாது. ஆகவே கோழை யார் என்பது நிலுவையில் இருக்கிறது.)

"தூரத்தில் நிற்கும் மூஸைச் சுடுவதற்குத் தோட்டா தேடுவது, பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவது மாதிரி" (இது இருக்கட்டும்.)

2

தூரத்தில் நிற்கும் மூஸைச் சுடுவதற்குத் தோட்டா தேடுவது, பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவது மாதிரி. மூஸ் என்பது குதிரையைவிட உயரமான மான். சாதுவான முகம், சாதுவல்லாத கனம். அதை வீழ்த்த எங்கள் ஊரில் எல்லோர் வீட்டிலும் இருப்பது "ஆறரை". ஆறரை மில்லிமீட்டர் தோட்டா. அடக்கமான பிள்ளை, தோளை உதைக்காது. பக்கத்தில் நிற்கும் மூஸுக்கு அது போதும், எங்கள் அப்பாக்களுக்கும் போதுமாக இருந்தது.

ஆனால் தூரம் போகப்போக ஆறரை தளர்ந்துவிடும், காற்றுக்கு ஒதுங்கும் என்பது ஸ்டெல்லனின் வாதம். ஆகவே ஜாதகங்களைப் பரப்பினான். ஒன்று வேகம் அதிகம், குண்டின் எடை குறைவு. இன்னொன்று எடை அதிகம், சீக்கிரம் தலை குனிந்துவிடும். இன்னொன்று எல்லாப் பொருத்தமும் உள்ளது, ஆனால் எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்காது. கடைசியில் "முந்நூறு மேக்னம்" என்ற தடியனைப் பிடித்தான். நேராகப் போகும், தூரத்திலும் அடி பலமாக விழும். ஒரே குறை, சுடுகிறவனையும் கொஞ்சம் அடிக்கும்.

வேட்டைக் குழுவின் கூட்டத்தில் அவன் புதுத் துப்பாக்கியைக் காட்டினான். நான் பன் தட்டோடு அங்கே இருந்தேன், எங்கேதான் இல்லை.

"என்னடா இது, பேருந்தோட அச்சா?" என்றார் எவர்ட்.

"நார்வேல நிக்கிற மூஸ இங்கேர்ந்தே சுடப் போறான்," என்றான் இன்னொருவன். "பாஸ்போர்ட்டு குண்டுக்கா, மூஸுக்கா?"

குழுத் தலைவர் பொர்யே மட்டும் சிரிக்கவில்லை. துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்தார். "கனமாதான் இருக்கு. சதுப்புல ஒக்காந்திருக்கறவனுக்கு வச்சுக்கலாம்."

ஸ்டெல்லனின் காது சிவந்ததை நான் கவனித்தேன். அப்போது காரணம் புரியவில்லை.

3

இங்கே நிறுத்திவிட்டு இந்தப் பாத்திரத்தைக் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும்.

வேட்டை நாட்களில் காலையில் பொர்யே ஒவ்வொருவரையும் ஒவ்வொரு இடத்தில் உட்காரவைப்பார். நாய்கள் காட்டுக்குள் மூஸைக் கிளப்பும்; அது யார் பக்கம் வருகிறதோ அவர் சுடுவார். கல்பாலம் ஓரம் உட்கார்ந்தால் நிச்சயம் வரும். பெரிய சதுப்பின் ஓரம் உட்கார்ந்தால் வரவே வராது. சதுப்பின் மறுகரையில், தேவதாரு மரங்களை ஒட்டி, எட்டாத தூரத்தில் நடந்து போகும். சதுப்பின் நடுவே ஒற்றைப் பைன் மரம் ஒன்று உண்டு. அதைத் தாண்டி யாரும் சுடுவதில்லை. எங்கும் எழுதிவைக்கவில்லை, ஆனால் சுடுவதில்லை.

பத்து வருடத்துக்கும் மேலாகச் சதுப்பின் ஓரம் உட்கார்ந்திருந்தவன் ஸ்டெல்லன்.

"எனக்கு வேற எடம் குடுங்க." இவ்வளவுதான் அவன் சொல்லியிருக்க வேண்டும். நாலே வார்த்தை. அதைச் சொல்வதற்குப் பதிலாக ஒரு மனிதன் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து, காற்று எந்தப் பக்கம் அடித்தால் குண்டு எவ்வளவு ஒதுங்கும் என்று கணக்குப் போடுவானா? வாசகர் நம்பமாட்டார் என்று நினைத்து அன்னெலியிடமே போய்க் கேட்டேன்.

"நானும் சொல்லிப் பாத்துட்டேன்," என்றாள். "பொர்யேகிட்ட ஒரு வார்த்த சொல்லேன்னு. 'அவராவே புரிஞ்சுக்கணும்'ங்கறான். ஒரு அலமாரிக் கதவு ரெண்டு வருஷமா தொங்குது. அதுக்குக் கோடு போட்டுப் பாக்க ஆளில்ல."

அவராகவே புரிந்துகொள்ள வேண்டுமாம்! எங்கள் ஊரில் ஆமாம் என்று சொல்லவே வாயைத் திறக்கமாட்டார்கள். மூச்சை மட்டும் உள்ளே இழுப்பார்கள். வேண்டும் என்று எப்படிச் சொல்வார்கள்? சந்தேகத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பாத்திரம் நம்பத் தகுந்ததுதான்.*

* ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும், பிறகு இடம் கிடைக்காது. கோடையில் சுடும் திடலில் வேட்டைக் குழுவைச் சேர்ந்த குன்வோர் அவனுக்குப் பக்கத்தில் நின்றாள். அடிபட்டு ஓடும் மூஸைத் தேடிப்போகும் நாய் அவளுடையது. மிரா என்று பெயர், அவளைவிடக் கொஞ்சம் அதிகம் பேசும். ஸ்டெல்லன் முந்நூறைச் சுடுவதைப் பார்த்துவிட்டு, "குண்டு கெளம்பறதுக்கு முன்னாடியே நீ கண்ண மூடற," என்றாள். "தூசி," என்றான் அவன். குன்வோர் திடலைச் சுற்றிப் பார்த்தாள். முந்தின நாள் பெய்த மழையில் நனைந்து கிடந்தது.

4

வேட்டையின் முதல் நாள். அந்த இடத்தில் நான் இல்லை. இனி வருவது எவர்ட் சொன்னது, குன்வோர் சொல்லாமல் விட்டது, வாக்கி டாக்கியில் எல்லோரும் கேட்டது.

சதுப்பு பழுத்துச் சிவந்து கிடந்தது. மறுகரையில் ஒரு காளை மூஸ் வெளியே வந்து, பக்கவாட்டில், படத்துக்கு நிற்பதுபோல் நின்றது. ஸ்டெல்லன் தூரமானியில் பார்த்தான்: முந்நூற்றெண்பது மீட்டர். ஒற்றைப் பைன் அதில் பாதித் தூரம்கூட இல்லை. அவன்

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. "அவன் தயங்கினான்" என்று எழுதினால் நல்லவனாகிவிடுகிறான். "தயங்கவில்லை" என்று எழுதினால் நான் பொய் சொல்கிறேன். சுட்டான்.)

"யாரது?" பொர்யேயின் குரல் வாக்கி டாக்கியில்.

"ஸ்டெல்லன்."

"விழுந்துச்சா?"

பொர்யே மறுபடி கேட்டார்.

"ஸ்டெல்லன், விழுந்துச்சாப்பா?"

"உள்ள போயிடுச்சு."

குன்வோர் மிராவோடு சதுப்பைச் சுற்றிக்கொண்டு வந்தாள். மூஸ் நின்ற இடத்தில் குனிந்தாள். பாசியின் மேல் கொஞ்சம் முடி. அதோடு பச்சையாக, மென்று அரைத்த தழை மாதிரி ஏதோ. நெஞ்சில் பட்டிருந்தால் இரத்தம் இருக்கும். இது வயிறு. அதை விரலில் எடுத்து, முகர்ந்து, ஸ்டெல்லன் பக்கம் நீட்டினாள். காட்டத்தான். அந்த விரலைப் பற்றி அவன் அன்னெலியிடம் சொல்லியிருக்கிறான், அன்னெலி என்னிடம்.

உடனே துரத்தினால் இன்னும் ஓடும் என்பதால் முதலில் காத்திருந்தார்கள். பிறகு பிற்பகல் முழுவதும் நடந்தார்கள். ஓடைக்குள் படுத்திருந்தது, தலை நிமிர்ந்து, உயிரோடு. அவர்கள் வருவதைப் பார்த்தபடியே இருந்தது. ஸ்டெல்லன் துப்பாக்கியைத் தூக்கினான். குன்வோர் அவன் குழாயின் மேல் கை வைத்து மெதுவாகக் கீழே இறக்கிவிட்டு, தன் பழைய ஆறரையால், பக்கத்தில் போய், முடித்துவைத்தாள்.

தோட்டாவின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அது சொன்ன வேகத்தில் சொன்ன தூரம் போனது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

மூஸை இழுத்து வரும்போது ஒரு கயிற்றில் பொர்யே, இன்னொன்றில் ஸ்டெல்லன். எவர்ட் பின்னால்.

"ஏம்ப்பா சுட்ட?" என்றார் பொர்யே.

"வேற எங்க சுடறது? எத்தன வருஷமா அங்கயேதான ஒக்கார வைக்கிறீங்க."

பொர்யே நின்றுவிட்டார். "உனக்குப் பிடிக்கும்னுல்ல குடுத்தேன்?"

"என்னது?"

"மத்தவன்லாம் கல்பாலம் கல்பாலம்னு உயிர எடுக்கறானுங்க. நீ ஒருத்தன்தான் வாயத் தெறக்காம போயி ஒக்காருவ. அந்த அமைதி உனக்குப் பிடிச்சிருக்குன்னு நெனச்சேன். உனக்குன்னே வச்சிருந்தேன்டா அத."

"நீங்க கேக்கவே இல்லையே."

"நீயும்தான் கேக்கல."

இரண்டு பேரும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி இழுத்தார்கள் என்கிறார் எவர்ட்.

5

மறுநாள் அறுக்கும் கொட்டகை. காபி ஊற்றுவது நான், ஆகவே இது நேரில் பார்த்தது. ஸ்டெல்லனின் மூஸில் பாதிக்கு மேல் வீணாகியிருந்தது. வயிறு உடைந்து நேரமாகிவிட்டால் அப்படித்தான். மிஞ்சியதையும் மற்றவர்கள் சுட்ட மூஸின் கறியையும் சேர்த்து மேஜையில் குவியல் போட்டார்கள்.

பங்கு பிரிக்க எங்களுக்கு ஒரு வழக்கம். ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். இன்னொருவர் ஒரு குவியலைத் தொட்டு "இது யாருக்கு?" என்பார். திரும்பி நிற்பவர் ஒரு பெயர் சொல்வார். எந்தக் குவியல் என்று அவருக்குத் தெரியாது, ஆகவே சண்டை வராது. வழக்கமாக அப்படி நிற்பது குழுவிலேயே மூத்தவர்.

"ஸ்டெல்லன், இன்னிக்கு நீ நில்லு," என்றார் பொர்யே.

இது மன்னிப்பா, தண்டனையா என்று இரண்டு பக்கம் எழுதி, இரண்டையும் கிழித்துவிட்டேன். பொர்யேக்கே தெரிந்திருக்காது.

ஸ்டெல்லன் திரும்பி நின்றான். கத்தியின் முனை முதல் குவியலைத் தொட்டது.

"இது யாருக்கு?"

"குன்வோர்."

"இது?"

"எவர்ட்."

ஒவ்வொரு பெயராக வந்தது. எல்லோரும் தங்கள் பங்கைப் பையில் போட்டுக்கொண்டு, போகாமல் நின்றார்கள். மேஜையில் கடைசியாக ஒரே ஒரு குவியல். சொல்லாத பெயரும் ஒன்றே ஒன்று.

6

முடிவுகள்:

அவன் தன் பெயரைச் சொல்கிறான். எல்லோரும் மூச்சை உள்ளே இழுக்கிறார்கள். அடுத்த வருடம் கல்பாலம். (தேன் அதிகம்.)

அவன் "மிரா" என்கிறான். நாயின் பெயர். கொட்டகையே சிரிக்கிறது, குன்வோர்கூட. (எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.)

அவன் ஒன்றும் சொல்லாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே (போகட்டும், வேண்டாம்.)

உண்மையில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். இந்த ஊரில் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாமல் போனதில்லை. ஆனால் கத்தி அந்தக் கடைசிக் குவியலைத் தொட்டபோது நான் பார்த்தது அவன் கழுத்தை. தலைமுடி முடிகிற இடம் வரைக்கும் சிவந்திருந்தது, சின்னப் பையனுக்குச் சிவப்பதுபோல. அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. நான், மார்கிட், காபிப் பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன். பானை நிறைந்துதான் இருந்தது. எவர்ட்டைக் கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறார். தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார்.

அந்த வாரமே எதிர்வீட்டுச் சமையலறைக்குத் திரை வந்துவிட்டது. நீலத்தில் வெள்ளைக் கோடு. ஊரில் அதைப் பற்றி இன்னும் பேச்சு வரவில்லை. நான் ஆரம்பிக்கவில்லை.

ஆகவே நீங்கள் கொஞ்சம் எழுந்து, சுவரைப் பார்த்து நில்லுங்கள். திரும்பக் கூடாது. பின்னால் ஒரு குழுவே நிற்கிறது, யாரும் இருமக்கூட இல்லை. ஈரப் பலகையின் மேல் கத்தி நகருகிற சத்தம் கேட்கிறதா?

இது யாருக்கு?