பத்து எண்ணும்வரை

சித்தி மூக்கைச் சிந்திக்கொண்டே, "பாருடி, உன் கைய எப்படி இறுக்கிப் பிடிக்கிறா பாரு. போயிட்டு வர்றேன்னு சொல்றா," என்றபோது மகள் நான்கு வரை எண்ணியிருந்தாள். ஐந்து, ஆறு என்று மனசுக்குள் தொடர்ந்தபடியே, "ஆமா சித்தி," என்றாள். பத்தில் அம்மாவின் விரல்கள் தளர்ந்தன. இன்னொரு பத்து எண்ணும் நேரம் சும்மா கிடந்தன. பிறகு மறுபடி இறுகின.

கட்டிலின் கால்மாட்டில் நின்ற அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இதயம் களைத்துவிட்டது, இனி தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், பக்கத்தில் இருங்கள் என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். அதைக் கேட்டு நான்கு மணி நேரம் காரோட்டி வந்திருந்தான். அவனுக்கும் சித்திக்கும் அந்தப் பிடி பாசமாகத் தெரிந்தது. அது உடற்பயிற்சி என்று மகளுக்கு மட்டும் தெரியும்.

தெருவுக்கு அவள் லாண்டரி அக்கா. முன்னறையில் இரண்டு வாஷிங் மெஷின், ஒரு டிரையர், நீளமான இஸ்திரி மேசை. ஊராரின் எண்ணெய், மை, ரத்தம் எல்லாம் அவள் கை பட்டால் போய்விடும். பின்னறையில் அம்மாவின் படுக்கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இருமினால் நனைந்தது, தும்மினால் நனைந்தது. வாடிக்கையாளர் துணியோடு கலந்துவிடக் கூடாது என்று அம்மாவின் விரிப்புகளுக்கு மூலையில் சிவப்பு நூலால் தையல் போட்டு வைத்தாள். அவற்றைக் கொடியில் போடும்போது பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, "எங்க வீட்ல ஒரு கைக்குழந்தை இருக்கு, வயசு எழுபத்தொம்போது," என்பாள். உள்ளே அம்மாவும் அதைக் கேட்டுச் சிரிப்பாள். சிரித்ததும் இன்னொரு விரிப்பு நனையும்.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பெண் பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். "மூத்திரத்த அடக்குறப்ப உள்ள இறுக்குவீங்க இல்லம்மா, அந்தச் சதைதான். அதை இறுக்கி மேல தூக்குங்க. பத்து எண்ணுங்க. விட்டுட்டுப் பத்து எண்ணுங்க. மூச்சப் பிடிக்கக் கூடாது, தொடைய இறுக்கக் கூடாது. ஒரு வேளைக்குப் பத்து தடவை, நாளைக்கு மூணு வேளை." பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும் என்றும் சொன்னாள். மகளின் காதில் மூன்று வேளை விழுந்தது, மூன்று மாதம் விழவில்லை. "நீங்களும் பண்ணலாம்க்கா, பிள்ளை பெத்தவங்க எல்லாருக்குமே நல்லது," என்றதற்கு, "எனக்கென்ன கேடு?" என்றாள். ஈரத் துணி மூட்டையைத் தூக்கும்போது அவளுக்கும் இரண்டு சொட்டு கசிவது உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் உட்காரவைத்துப் பயிற்சியை ஆரம்பித்தாள்.

"இறுக்கு."

"இறுக்கிட்டேன்."

"பொய் சொல்லாத. உள்ள என்ன பண்றேன்னு நான் எட்டியா பாக்க முடியும்?"

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். அம்மாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "உள்ள இறுக்குறப்ப என் கையையும் இறுக்கு. விடுறப்ப விடு. ஏமாத்தினா தெரிஞ்சிடும்."

"உன்னப் பெத்ததுல வந்ததுடி இது. நாலரை கிலோ இருந்த. தலை மட்டும் பூசணிக்கா."

"அப்பவே நல்லா இறுக்கி உள்ளயே வெச்சிருக்க வேண்டியதுதானே? எண்ணு."

ஏழில் தளர்ந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளக் காத்திருந்தாளோ என்னவோ, வேளை தவறாமல் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

வியாழக்கிழமை புது மெத்தை நனைந்தது. அன்றைக்கு மகள் கத்தவில்லை. அம்மாவின் கண்ணெதிரிலேயே முதியோர் இல்லத்துக்கு போன் போட்டாள். கட்டில் ஒன்று காலியாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். நனையலைன்னா இங்க இரு. நனைஞ்சா அங்க."

"மெஷின் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் வராதுடி," என்றாள் அம்மா.

"அப்ப இறுக்கு."

இன்று ஞாயிறு. வியாழனுக்குப் பிறகு விரிப்பு நனையவே இல்லை. அம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள் என்று மகளுக்குத் தெரியும். கேட்டால் கொடுத்திருப்பாள். அம்மா கேட்கவில்லை, அவளும் டம்ளரை நீட்டவில்லை.

அண்ணன் அம்மாவின் மற்றொரு கையைப் பிடித்துப் பார்த்தான். "அம்மா, நான் வந்திருக்கேன்." அந்தக் கை துணி மாதிரி கிடந்தது. "என் கையப் பிடிக்க மாட்டேங்குறா," என்றான் சின்னப் பையன் குரலில்.

"கூடவே இருந்து பாத்தவளத்தானே பிடிப்பா," என்றாள் சித்தி.

போதும்மா, விடு, உன்ன எங்கயும் அனுப்பல என்று மகள் குனிந்து காதில் சொன்னால் போதும், அம்மா விட்டுவிடுவாள். ஆனால் எங்கே அனுப்புவதாக இருந்தாய் என்று அண்ணன் கேட்பான். அவன் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

விரல்கள் மறுபடி இறுகின. ஒன்று, இரண்டு, மூன்று. இந்தத் தடவை பிடியில் பலமில்லை. ஆறில் நடுங்கியது. ஏழு. எட்டில் விட்டுப்போயிற்று.

முழங்கைக்கு அடியில் விரிப்பு வெதுவெதுப்பாக நனைவதை மகள் உணர்ந்தாள். புத்திக்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது.

"அம்மா! பாத்தியா, மறுபடியும்!"

நாற்காலிப் பயிற்சியில் வரும் அதே அதட்டல். அண்ணன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். சித்தி தன் அக்காவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு மகளின் தோளைப் பிடித்தாள்.

"அவ போயிட்டாடி." பிறகு அண்ணனிடம் தணிந்த குரலில், "என்ன பேசுறோம்னே தெரியல பாவம் இவளுக்கு," என்றாள்.

யாரையும் தொட விடாமல் மகளே துடைத்து, உடுத்தி, விரிப்பை மாற்றினாள். ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சித்தி ஒவ்வொருவரிடமும் கையைப் பிடித்த கதையை முதலிலிருந்து சொன்னாள். கேட்ட பெண்கள் மகளைத் தடவிக் கொடுத்து, "புண்ணியம் பண்ணவ நீ," என்றார்கள். அவள் முன்னறைக்குப் போய் இஸ்திரி மேசையில் சாய்ந்து நின்றாள். மெஷினில் அந்த ஒற்றை விரிப்பு சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு நூல் வந்து வந்து போயிற்று.

அண்ணன் பின்னாலேயே வந்தான்.

"கெட்டியாப் பிடிச்சாளா?"

"ம்."

"எனக்கு ஒரு தடவை காட்டேன். எப்படிப் பிடிச்சான்னு." கையை நீட்டினான்.

அவள் அவனைப் பார்க்காமல் அந்தக் கையைப் பிடித்து இறுக்கினாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். எட்டு வந்ததும் விட்டாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவன் கை அப்படியே நீண்டிருந்தது.