சென்னிங்கின் வீடு நடந்துபோன வெள்ளிக்கிழமை

“நான் வீட்டைக் கேக்கறேன், நீ கோழிக்கூட்டப் பத்திப் பேசற. என் வீடு எங்கக்கா?”

“கத்தாத. மேல ரோட்டோரமா நிக்குது. நீ சொல்லித்தானே தூக்கினோம்?”

“நான் எப்பச் சொன்னேன்? கப்பல்ல வாந்தியெடுத்துட்டுக் கெடந்தவ, யார்கிட்டச் சொன்னேன்?”

அக்காளும் தங்கையும் எதிரெதிரே நின்று குரலை உயர்த்துவது எங்கள் லாபக்கே ஊரில் புதிதல்ல. என் வீட்டு ஜன்னல் அந்தப் பக்கம் பார்த்து வைக்கப்பட்டிருப்பதும் என் குற்றமில்லை. ஆனால் அன்றைக்கு வழக்கமான சண்டைக்கு வேண்டிய எல்லாம் இருந்தன, சண்டைக்குக் காரணமான வீடு மட்டும் இல்லை. தூண்களைத் தாங்கியிருந்த கற்கள், புதிதாக முளையடித்துக் கட்டிய கயிற்றுக்குள், வரிசை கலையாமல் வெயிலில் கிடந்தன. தூண்கள்மேல் உயர்ந்து நின்ற வீட்டுக்கு அடியிலேயே பிறந்து வளர்ந்த கோழிகள், நிழல் எங்கே போயிற்று என்று புரியாமல் அந்தக் கற்களையே சுற்றிக்கொண்டிருந்தன. நடுவில் சென்னிங், துணிமூட்டையும் கையில் ஒரு பிஸ்கட் டின்னுமாக நின்றாள். கப்பலிலிருந்து இறங்கி, பஸ் பிடித்து, கடைசித் தூரத்தை நடந்து வந்திருக்கிறாள். முகத்தில் உப்புப் பூத்திருந்தது.

இந்த இரண்டு பேருக்கும் என்ன வழக்கு என்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் அம்மா சாகும்போது மரவீட்டை இளையவள் சென்னிங்குக்கும், அது நின்ற மண்ணை மூத்தவள் சுஹைபாவுக்கும் கொடுத்துவிட்டுப் போனாள். எங்கள் பக்கத்தில் வீடு ஒருத்திக்கு, மண் இன்னொருத்திக்கு என்று இருப்பது சாதாரணம். ஒத்துப்போனால் இருக்கலாம், ஒத்துப்போகாவிட்டால் ஊரைக் கூப்பிட்டு வீட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு வேறு இடம் போகலாம். சுஹைபாவுக்கு அந்த மண்ணில் மகன் இர்ஃபானுக்குச் செங்கல் வீடு கட்டவேண்டும். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தாகிவிட்டது, பெண் வீட்டில் “வீடு எங்கே” என்று கேட்டுவிட்டார்கள். சென்னிங்குக்குப் போக வேறு மண் இல்லை. என் புருஷன் வரட்டும், வந்ததும் நகர்கிறேன் என்பதுதான் அவள் பதில். புருஷன் பஹரு நூனூக்கானில் மரம் அறுக்கும் ஆலைக்குப் போனவன். எங்கள் ஆண்கள் கடல் தாண்டிப் போவது அதிசயமில்லை. திரும்பி வந்தால்தான் கூட்டம் கூடும். பஹரு வருவதாகத் தெரியவில்லை. கடைசியில் சென்னிங், நானே போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று பாரேபாரேயில் கப்பல் ஏறிவிட்டாள்.

அவள் போன கப்பல் ஒரு பக்கம் போக, அவன் வந்த கப்பல் இந்தப் பக்கம் வந்துவிட்டது.

பஹரு வந்த அன்றே வீட்டுக்கு வீடு வந்து கை குலுக்கினான். பாரேபாரே துறைமுகத்தில் மனைவியைப் பார்த்தானாம். அவளுக்கு லேசாகக் காய்ச்சலாம், அங்கே தூரத்து உறவில் ஒரு பாட்டன் வீட்டில் படுக்க வைத்திருக்கிறானாம். ரோட்டோரமாகத் தான் ஒரு துண்டு நிலம் வாங்கியிருப்பதைச் சொன்னதும் அவள் அழுதே விட்டாளாம். நான் வருவதற்குள் வீட்டை அங்கே நகர்த்திவிடுங்கள், அக்காவோடு சண்டை போட்டு எனக்கு அலுத்துவிட்டது என்றாளாம். சொல்லும்போது அவனுக்கே கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது, மறைப்பானேன்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். வீடு தூக்கக் கூப்பிட்டால் எங்கள் ஊரில் ஒருவரும் ஏன், எதற்கு என்று கேட்பதில்லை. சாவு வீட்டில் ஜனாஸா தூக்கப் போகும்போது கேட்போமா? ஆண்கள் எல்லோரும் வந்தார்கள். பெண்கள் வாழைப்பழம் மசித்து இலையில் கட்டி பாரோங்கோ அவித்தோம். தூண்களுக்குக் குறுக்கே மூங்கில்களைக் கட்டியாயிற்று, கட்டிலையும் பீரோவையும் முன்னாலேயே இறக்கிக் கொண்டுபோயாயிற்று. அப்போது தச்சர் மஸ்ஸெ ஏணியில் நின்று, “நடுத்தூணைப் பிடிக்க வீட்டுக்காரி எங்கே?” என்றார்.

அதுதான் சிக்கல். வீடு எழும்பும்போது வீட்டுக்காரி உள்ளே நடுத்தூணைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். அவள் இல்லாமல் எழுப்பிய வீட்டில் சோறு தங்காது என்பார்கள்.  பஹரு வியர்வையைத் துடைத்துக்கொண்டு சுஹைபாவைப் பார்த்தான். “நீங்க கூடப் பொறந்தவங்க அக்கா, அதே வீட்ல பொறந்தவங்க. அவளுக்காக நீங்க பிடிங்க.” சுஹைபா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மண் காலியாகிறது என்றால் அவள் தென்னை மரத்தைக்கூடக் கட்டிப்பிடித்திருப்பாள். ஏறினாள், பிடித்தாள், தச்சர் குரல் கொடுத்தார், வீடு எழுந்து நடந்தது. புதிதாகப் போட்டிருந்த கரண்ட் கம்பியை ஒருவர் மூங்கிலால் தூக்கிப் பிடிக்க, கூரை அதற்கடியில் குனிவதுபோலப் போயிற்று.

மறுநாள் பஹரு ஒரு பெண்ணைக் கூட்டி வந்தான். ஹர்தியா என்று பெயர், நூனூக்கானில் பிறந்த நம் ஆள்தான், சின்ன வயது. ஆலை முதலாளிக்குச் சொந்தக்காரப் பெண், ஊர்ப் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுக்க வந்திருக்கிறாள், சென்னிங்குக்கும் துணையாக இருப்பாள் என்றான். நாங்களும் துணிகளை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போனோம். மெஷின் இன்னும் வரவில்லை என்று பஹரு வாசலிலேயே துணிகளை வாங்கி வைத்துக்கொண்டு, அவளோடு பேசவிடாமல் எங்களைத் திருப்பி அனுப்பினான். தையல் சொல்லிக் கொடுக்க வந்தவள் பஹருவின் சட்டைகளைத் துவைத்து, வாசலில் எல்லோரும் பார்க்க உலர்த்துவதை நான்தான் முதலில் கவனித்தேன். அதை ரகசியமாக ஒரு ஐந்தாறு பேரிடம்தான் சொன்னேன்.

இனி கற்களுக்கு நடுவே நின்ற சென்னிங்கிடம் வருகிறேன்.

“பாரேபாரேல உன்னப் பாத்தேன்னு சொன்னாரே,” என்றாள் சுஹைபா. குரல் ஏற்கெனவே இறங்கிவிட்டது.

“நான் அவர எங்கயுமே பாக்கல. நூனூக்கான்ல எறங்கி ஆலைக்குப் போனா, ஊருக்குப் போயிட்டாருன்னாங்க. அடுத்த கப்பலுக்குக் காத்துக் கெடந்து வர்றேன்.”

அவ்வளவுதான். அதற்குள் நாங்களும் வேலிக்கு இந்தப் பக்கம் வந்து கூடிவிட்டிருந்தோம். அவள் சொல்லவில்லை என்றால் நாங்கள் எந்த வீட்டைத் தூக்கினோம், யாருக்காகத் தூக்கினோம்? மெல்லாமலே விழுங்கிய பாரோங்கோ அத்தனை பேர் தொண்டையிலும் திரும்பி வந்தமாதிரி இருந்தது.

சென்னிங் மூட்டையைக் கல்லின்மேல் வைத்துவிட்டு மேட்டை நோக்கி நடந்தாள். ஊரும் பின்னால் நடந்தது. அவள் திரும்பிப் பார்த்து எங்களைப் போகச் சொல்லியிருந்தால் போயிருப்போம். சொல்லவில்லை.

ரோட்டோரத்தில் வீடு நின்றது. ஜன்னல் கதவுகளுக்குப் பச்சை வர்ணம் அடித்திருந்தார்கள், அது சென்னிங்குக்குப் பிடிக்காத வர்ணம். ஏணியின் மேல்படியில் ஹர்தியா உட்கார்ந்து மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் எழுந்து, கத்தியைக் கீழே வைத்து, மரியாதையாகக் கேட்டாள்.

“யாரப் பாக்கணும் அக்கா?”

“இந்த வீட்டுக்காரிய.”

“நான்தான். உள்ள வாங்க.”

சென்னிங் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். “இது சென்னிங் வீடு இல்லையா?”

ஹர்தியாவின் முகம் இரக்கமாக மாறியது. அந்த இரக்கத்தை நான் மறக்கமாட்டேன். “நீங்க அவங்களுக்குச் சொந்தமா? உங்களுக்குச் சேதி வரலையா? அவங்க போன மழைக்காலமே காய்ச்சல்ல போயிட்டாங்கக்கா. நான் ரெண்டாந்தாரமா வந்தவ.”

ஊரே வாயைப் பிளந்தது. சென்னிங் மட்டும் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். தன் சாவைப் பற்றி இன்னொருத்தி வாயால் கேட்டவளுக்கு நிற்கக் கால் வேண்டுமே. ஹர்தியா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். சென்னிங் அதைக் குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் டம்ளர்தான்.

“எங்க பொதச்சாங்களாம்?” என்று கேட்டாள்.

அதற்குள் எங்களில் யாரோ விம்மிவிட, ஹர்தியா எங்கள் முகங்களைப் பார்த்தாள், படியில் உட்கார்ந்தவளைப் பார்த்தாள். புரிந்துபோயிற்று. கதவுநிலையில் சாய்ந்தபடியே சரிந்து உட்கார்ந்தாள். மேல்படியில் ஒருத்தி, கீழ்ப்படியில் ஒருத்தி, நடுவில் பாதி சுத்தம் செய்த மீன். பஹரு அப்போது சந்தையில் இருந்தான். நல்ல நேரம் அவனுக்கு.

அன்றைக்கே சென்னிங் தச்சர் வீட்டுக்குப் போனாள். அழவில்லை, சாபம் விடவில்லை. நீங்கள் தோளில் எடுத்துப்போனீர்கள், தோளிலேயே திருப்பிக் கொண்டு வாருங்கள் என்றாள். தச்சர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வருகிறோம், ஆனால் எங்கே கொண்டு வந்து வைப்பது என்றார். அது நியாயமான கேள்வி. வீடு அவளுடையது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதை இறக்கி வைக்க ஒரு சாண் மண் அவளுக்கு எங்கும் இல்லை.

சுஹைபா அந்தக் காலி மண்ணில் ஏற்கெனவே முளை அடித்துக் கயிறு கட்டியிருந்தாள். அஸ்திவாரம் தோண்ட ஆள் சொல்லியாயிற்று, ஒரு லாரிச் செங்கல் வந்து இறங்கியாயிற்று. சென்னிங் போய்க் கயிற்றுக்கு வெளியிலேயே நின்றாள். இர்ஃபான் செங்கல் குவியலுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கல்யாணம் பிசகிவிடும், இனிமேல் ஒரு அடி விடமுடியாது என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

“நான் உங்கிட்ட மண்ணக் கேக்கல அக்கா,” என்றாள் சென்னிங். “நான் உசிரோட இருக்கும்போது என் தூணப் புடிச்சியே, கை எப்படி வந்துச்சுன்னு கேக்கத்தான் வந்தேன்.”

  சுஹைபா திரும்பி, பக்கத்திலேயே இருந்த தன் வீட்டுக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். அரிவாளோடு வெளியே வந்தாள்.  அவள் நேராகப் போய்க் கயிற்றை அறுத்தாள், ஒரு பக்கம், அடுத்த பக்கம் என்று சுற்றிலும். மகன் “அம்மா” என்றான். “முளையப் பிடுங்கு,” என்றாள் அவனிடம்.

அடுத்த வெள்ளி ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. போன தடவை வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். பஹரு நிலத்தின் வேலியில் கையை விரித்துக்கொண்டு நின்றான். இது என் இடம், பத்திரம் இருக்கிறது, ஒருவரும் கால் வைக்கக்கூடாது என்று கத்தினான்.

தச்சர் மஸ்ஸெ அவனை நிதானமாகப் பார்த்தார். “நிலம் உன்னோடதுதான் தம்பி. நாங்க நிலத்தத் தூக்க வரல.”

மூங்கில்களைக் கட்டினார்கள். பீரோவையும் கட்டிலையும் இறக்கினார்கள். ஹர்தியாவை மட்டும் இறக்க முடியவில்லை. நடுத்தூணுக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறங்கு பெண்ணே என்று பெண்கள் கீழேயிருந்து கெஞ்சினோம், இரண்டொருத்தி திட்டவும் செய்தார்கள். சென்னிங் ஏறிப் போனாள். ஜன்னல் வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது.

“எறங்கறியா?”

“எங்கக்கா எறங்க?” என்றாள் ஹர்தியா.

சென்னிங் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். அங்கே பீரோவும் கட்டிலும் பஹருவும் இருந்தார்கள். 

“அப்ப எழுந்து நில்லு. உக்காந்துக்கிட்டுப் புடிச்சா ஆடும்.”

தச்சர் குரல் கொடுத்தார். வீடு எழுந்தது. உள்ளே முதல் தாரமும் இரண்டாம் தாரமும் ஒரே தூணை இரண்டு பக்கமும் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்க, வீடு மேட்டிலிருந்து கீழே நடந்தது. எங்கள் ஊரில் யாரும் அப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை. சுமந்தவர்களிடம் வழக்கமான கூச்சலும் கேலியும் அன்று இல்லை. திரும்பிப் பார்த்தபோது பஹரு தன் சொந்த நிலத்தில், சொந்தப் பத்திரத்தோடு, கட்டிலின்மேல் உட்கார்ந்திருந்தான். மேலே வானம்.

கல் வரிசையில் வீட்டை இறக்கியபோது கோழிகள்தான் முதலில் உள்ளே போயின. சுஹைபா தன் வீட்டு வாசலிலேயே நின்றாள், வரவில்லை. ஆனால் அடுப்பு மூட்டச் சட்டியில் நெருப்பு அனுப்பியிருந்தாள்.

பஹரு கொஞ்ச நாள் அங்கே தார்ப்பாய் கட்டி இருந்து பார்த்தான். சோறு விற்கும் கடைக்காரி அவனுக்குச் சோறு போட யோசித்த பிறகு, நிலத்தை வந்த விலைக்கு இர்ஃபானிடமே விற்றுவிட்டுக் கப்பல் ஏறினான். இப்போது தவாவ் பக்கம் இருக்கிறான், அங்கேயும் ஒரு கல்யாணம் ஆகிவிட்டது என்று கேள்வி. அந்தப் பெண்ணிடம் எத்தனை பேரைச் சாகடித்திருக்கிறானோ. இர்ஃபான் ரோட்டோரத்தில் செங்கல் வீடு கட்டினான், பார்த்த பெண்ணுக்கு வேறிடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது, வேறு பெண் வந்தாள். ஹர்தியா சென்னிங்கோடு இரண்டு வருஷம் இருந்து உண்மையாகவே தையல் கற்றுக்கொண்டாள். பிறகு தச்சரின் தங்கை மகனைக் கட்டிக்கொண்டு பாலோப்போவுக்குப் போய்விட்டாள். அந்தக் கல்யாணத்தைச் சென்னிங்தான் தன் வீட்டில் வைத்து நடத்தினாள். சென்னிங் விவாகரத்து வாங்கினாள். கேட்டு வந்தவர்கள் உண்டு, பெயர்கூட எனக்குத் தெரியும். அவள் யாரையும் கட்டவில்லை, எங்கும் நகரவுமில்லை.