நொமாலங்காவுக்கு வந்த மொழிபெயர்ப்பாளர்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. பாரிஸின் லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கும் கஜனி சொன்னது. அவளோடு அங்கே பாத்திரம் கழுவுகிறவள் நொமாலங்கா. சிம்பாப்வேயின் புலவாயோ நகரத்து, எண்டெபெலே மொழி பேசும் பெண். இருவருக்கும் பொதுவாக இருப்பது உடைந்த பிரெஞ்சு.

'நாக்கைச் சொடுக்கிப் பேசும் ஒரு மொழி பாரிஸின் குளிரில்...' என்று எழுதத் தொடங்கினேன். கஜனிக்கு வாசித்துக் காட்டினேன்.

"அவள் என்ன சேர்க்கஸ்காரியோ அண்ணை?" என்றாள்.

அந்த வாக்கியம் அங்கேயே நிற்கட்டும்.

2

நொமாலங்காவின் அகதி வழக்குக்குக் கஜனி துணைக்குப் போயிருந்தாள். கேட்டது எண்டெபெலே மொழிபெயர்ப்பாளரை. வந்தவர் அதே நாட்டின் ஷோனா மொழிக்காரி. நொமாலங்காவுக்கு ஷோனா தெரியும். எண்பதுகளில் அவளுடைய அப்பாவை வீட்டிலிருந்து இழுத்துப்போன அரசுப் படையினர் பேசியதும் ஷோனாதான்.

மறுத்தால் வழக்கு தள்ளிப்போகும். எவ்வளவு காலத்துக்கு என்று யாரும் சொல்லவில்லை.

(எண்டெபெலேயில் என் அப்பா உபாபா, உன் அப்பா உயிஹ்லோ, அவளுடைய அப்பா உயிசே. நம்மிடமும் எந்தை, நுந்தை, தந்தை என்று மூன்று இருந்தன. புழக்கத்தில் ஒன்றுதான் மிச்சம். இதைக் கதைக்குள் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. யோசிக்கவும் அலுப்பாயிருக்கிறது.)

3

என் முதல் வரைவில் அவள் மறுத்துவிட்டு, தலைநிமிர்ந்து வெளியேறினாள். எனக்குப் பிடித்திருந்தது.

"அப்பிடி நடக்கேல்லை. அவள் களைச்சுப்போனாள் அண்ணை. எல்லாத்தையும் ஷோனாவிலையே சொன்னவள்."

"அப்பாவைப் பற்றியும்?"

"ஓம். அந்த மொழிபெயர்க்கிற மனுசிக்குத்தான் இடையிலை குரல் வரேல்லை. தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னது."

"நொமாலங்கா அழுதாளா?"

"இல்லை. அந்த மனுசி குடிச்சு முடிக்குமட்டும் பாத்துக்கொண்டிருந்தவள்."

4

விசாரணை முடிந்து மெத்ரோவுக்குக் காத்திருந்தபோது அந்த மொழிபெயர்ப்பாளர் பின்னாலேயே வந்தார். எண்டெபெலேயில், தட்டுத்தடுமாறி ஒரு வாக்கியம் சொன்னார். நொமாலங்கா அதில் ஒரு சொல்லை மட்டும் திருத்திச் சொன்னாள். அவர் திரும்பச் சொன்னார். இம்முறை சரியாக வந்திருக்க வேண்டும், நொமாலங்கா தலையாட்டினாள். மெத்ரோ வந்தது. மூவரும் ஒரே பெட்டியில் ஏறினார்கள்.

என்ன வாக்கியம் என்று கஜனி கேட்கவில்லை. "கேக்கிற மாதிரி அவளின்ரை முகம் இருக்கேல்லை" என்றாள்.

'மன்னிப்பு' என்று எழுதிப் பார்த்தேன். கதை உடனே முடிந்துவிட்டது. அடித்தேன். 'உன் அப்பாவின் பெயர் என்ன?' என்று எழுதினேன். அதையும் அடித்தேன். வழக்கின் தீர்ப்பு இன்னும் வரவில்லை. அந்த வாக்கியத்தை நீங்கள் எழுதுங்கள். நொமாலங்கா திருத்திய சொல் எதுவென்று மட்டும் யோசித்து எழுதுங்கள்.